தலையில் அடிபட்ட பின் வரும் தலையிடி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், பழைய மாணவியும் பொது வைத்திய நிபுணருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒரு சுகாதார உரையும் இருக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவை பற்றி உங்களுக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும். வீட்டுக்கு வீடு சீனி பார்க்கும் கருவி வந்துவிட்டது. ஆகவே, எல்லார் வீட்டிலும் ஒருவருக்காவது நேர்ந்திருக்கக்கூடிய, ஆனால் நாம் உட்கார்ந்து பேசாத ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டேன். தலையில் அடிபட்ட பின் வருகின்ற தலையிடிதான் அது.

எங்கள் பகுதியில் தலையில் அடிபடுவதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்து முதலிடத்தில் நிற்கிறது. சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளையை ஓட்டோ தட்டிவிடுகிறது. கிணற்றடியில் பாசி வழுக்குகிறது. தென்னையிலிருந்து தேங்காய் விழுகிறது. பனையிலிருந்து ஆளே விழுகிறார். எல்லே விளையாட்டில் மட்டை கைதவறிப் பறக்கிறது. வலைப்பந்தாட்டத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே பந்துக்குப் பாய்ந்து தலையோடு தலை மோதிக்கொள்கிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் சகோதரிகளுக்கு உறைபனியில் சறுக்கி விழுவதும், பின்னால் வந்த கார் இடிப்பதும் தெரிந்த அனுபவங்கள்.

இத்தகைய அடிகளில் மிகப் பெரும்பாலானவை மருத்துவர்கள் 'இலேசான மூளைக்காயம்' என்று வகைப்படுத்துபவை. விளையாட்டுத் துறையில் இதனைக் 'கன்கஷன்' என்பர். இந்த வகைப்படுத்தலுக்கு நாம் பயன்படுத்தும் அளவுகோல் 1974 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கிரஹம் ரீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். 13 முதல் 15 வரை பெற்றால் இலேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையானது. நினைவு தப்பியிருந்தால்தான் மூளைக்குக் காயம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நினைவு தப்பாமலும் கன்கஷன் ஏற்படும். அடிபட்ட பின் சிறிது நேரம் தடுமாறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, நடந்தது நினைவில் இல்லாமற் போவது ஆகியவையும் அதன் அடையாளங்களே.

முதலில், அடிபட்ட முதல் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அன்றைய தலையிடிக்கும் பின்னர் தொடரும் தலையிடிக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

நடாஷா ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய நடிகையைச் சிலர் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். 2009 மார்ச் மாதம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பனிச்சறுக்குப் பழகுநர்களுக்கான இலகுவான சரிவொன்றில் அவர் விழுந்தார். எழுந்து நின்றார், பேசினார், சிரித்தார். மருத்துவ உதவி வேண்டாம் என்று கூறிவிட்டார். சுமார் ஒரு மணி நேரத்தின் பின் தலையிடி தொடங்கியது. இரண்டு நாட்களில் இறந்துபோனார். வயது 45. மண்டையோட்டுக்கும் அதன் உள்ளே இருக்கும் தடித்த உறைக்கும் நடுவே இரத்தம் கசிந்து, அது மூளையை அழுத்தியதே காரணம். காதுக்கு மேலே உள்ள எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாக ஓர் இரத்தக் குழாய் செல்கிறது. அது கிழிந்தால் இரத்தம் சிறிது சிறிதாகச் சேரும். அந்த இடைவெளியில் ஆள் நன்றாக இருப்பது போலவே தோன்றும்.

ஆகவே அடிபட்டவரைக் குறைந்தது 24 மணி நேரம் தனியே விடாதீர்கள். தலையிடி நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்ப முடியாத நித்திரைத் தூக்கம் இருந்தால், வலிப்பு வந்தால், பேச்சுக் குழறினால், ஒரு கை கால் சோர்ந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், காதாலோ மூக்காலோ தண்ணீர் போலவோ இரத்தமாகவோ வடிந்தால், ஒரு கணமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 'விடியட்டும் பாப்பம்' என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் இடமில்லை.

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் போன்ற மருந்துகளைப் பாவிக்கும் மூத்த சகோதரிகளுக்கு இன்னொரு வார்த்தை. உங்களுக்கு அடி சிறிதாக இருந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வயது கூடும்போது மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனைச் சுற்றியுள்ள சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. ஒரு சிறிய இடியில் அவை கிழிந்து, பல வாரங்களாக இரத்தம் கசிந்து, பிறகுதான் தலையிடியும் தடுமாற்றமும் வெளிப்படும். அப்போது அம்மா குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டதை வீட்டில் எல்லாரும் மறந்திருப்பார்கள். 'வயசு போயிட்டுது, மறதி வந்திட்டுது' என்று விட்டுவிடாதீர்கள். இது சத்திர சிகிச்சையால் குணமாக்கக்கூடியது.

இனி எனது உரையின் பிரதான பகுதிக்கு வருகிறேன். வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கான் எடுத்தாயிற்று. இரத்தக் கசிவு இல்லை. 'எல்லாம் நோர்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் தலையிடி நிற்கவில்லை. இது ஏன்?

மூளைக்கு வலி தெரியாது என்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. வலியை உணர்வன மூளையைச் சுற்றியுள்ள உறைகள், அவற்றிலுள்ள இரத்தக் குழாய்கள், முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பு, கழுத்தின் மேற்பகுதி நரம்புகள், தசைகள், மூட்டுக்கள் ஆகியவையே. தலை சடுதியாகக் குலுங்கும்போது இவை எல்லாம் இழுபடுகின்றன. மூளையின் நரம்பிழைகளும் ஸ்கானில் தெரியாத அளவுக்கு நீட்சியடைந்து, அவற்றின் வேலை சிறிது காலம் குழம்புகிறது. வலியை அடக்கி வைக்கும் ஒழுங்கும் அதனோடு குழம்பிவிடுகிறது. வெளிச்சமும் சத்தமும்கூட வேதனையாக மாறுவது இதனால்தான்.

ஸ்கான் என்பது ஒரு வீட்டைப் புகைப்படம் எடுப்பது போன்றது. சுவர் இடிந்திருந்தால் படத்தில் தெரியும். வயரிங்கில் கோளாறு என்றால் தெரியாது. படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக வீட்டில் லைற் எரிகிறது என்று சொல்ல முடியாது. ஸ்கான் சரியாக இருப்பது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். உயிராபத்து இல்லை என்று அது சொல்கிறது. வலி இல்லை என்று அது சொல்லவில்லை.

தலையிடி நோய்களுக்கான சர்வதேச வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு 2018 இல் வெளியானது. அதன்படி, அடிபட்டு 7 நாட்களுக்குள், அல்லது நினைவு திரும்பி 7 நாட்களுக்குள் தொடங்கும் தலையிடியே காயத்தின் பின்னான தலையிடி எனப்படும். 3 மாதங்களுக்குள் தீர்ந்துவிட்டால் அது குறுங்கால வகை. 3 மாதங்களைத் தாண்டினால் நீடித்த வகை. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் குணமாகிவிடுகிறார்கள் என்ற நற்செய்தியை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பகுதியினருக்கு மாதக்கணக்காக நீடிக்கிறது. முன்பே ஒற்றைத் தலையிடி இருந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இது நீடிக்கும் வாய்ப்புக் கூடுதல். இன்னொரு புதுமை என்னவென்றால், கடுமையான காயத்தைவிட இலேசான காயத்தின் பின்னரே இத்தலையிடி அதிகமாக முறையிடப்படுகிறது. 'பெரிய அடி பட்டவனே எழும்பித் திரியிறான், உனக்கென்ன' என்று கேட்பவர்களுக்கு இது பதிலாகட்டும்.

இத்தலையிடி ஒரே முகத்தோடு வருவதில்லை. சிலருக்கு ஒற்றைத் தலையிடி போல ஒரு பக்கம் விண் விண்ணென்று துடிக்கும்; ஓங்காளிக்கும்; வெளிச்சம் ஆகாது. சிலருக்குத் தலையைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கியது போல இருக்கும். வேறு சிலருக்குக் கழுத்தில் தொடங்கிப் பிடரி வழியாக மேலேறும். கூடவே நித்திரைக் குழப்பம், தலைச்சுற்று, மறதி, மனம் ஒன்றாமை, சட்டென்று வரும் கோபம், காரணமில்லாத அழுகை ஆகியனவும் வரலாம். இவை தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே அடியின் பல முகங்கள்.

இந்நோயோடு ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்த பெண்மணி ஒருவரைப் பற்றி மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் ஹரியட் ரப்மன். பதின்ம வயதின் தொடக்கத்தில் ஒரு கிராமத்துக் கடையில் நின்றபோது, தப்பியோட முயன்ற இன்னொரு அடிமையை நோக்கிக் கண்காணி எறிந்த இரும்பு எடைக்கல் அவருடைய தலையில் விழுந்தது. இரண்டு நாள் மருந்தின்றிக் கிடந்தார். பின் மீண்டும் வயலுக்கு அனுப்பப்பட்டார். அன்று தொடங்கிய தலையிடியும், பேசிக்கொண்டிருக்கும்போதே சடுதியாக நித்திரையில் ஆழ்ந்துவிடும் நிலையும் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. அந்த நோயோடுதான் அவர் தப்பிச் சென்றார். அந்த நோயோடுதான் சுமார் 13 தடவைகள் திரும்பி வந்து ஏறத்தாழ 70 பேரை விடுதலைக்கு அழைத்துச் சென்றார். 1863 இல் உள்நாட்டுப் போரின்போது கம்பாகி ஆற்றுப் படையெடுப்பில் வழிகாட்டியாக நின்று 700 க்கும் மேற்பட்டோர் விடுதலையாக உதவினார். 1890 களின் பிற்பகுதியில், வலியால் நித்திரை கொள்ள முடியாமல், பொஸ்ரன் நகர வைத்தியசாலையொன்றில் தலையில் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். 1913 இல் காலமானார்.

இதனை நான் கூறுவது 'அவர் சமாளித்தார், நீயும் சமாளி' என்று யாரையும் அதட்டுவதற்காக அல்ல. அவரோடு பயணித்தவர்கள் அவருடைய நோயை நம்பினார்கள். அவர் நடுவழியில் தூங்கிவிட்டால் விழிக்கும் வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்து நடந்தார்கள். நோயாளிக்கு மருந்துக்கு முன்னர் கிடைக்க வேண்டியது இந்த நம்பிக்கை.

நம்பிக்கை இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மாணவி. சைக்கிளில் போகும்போது விழுந்து தலை அடிபட்டது. ஸ்கானில் ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் வகுப்புக்குத் திரும்பினாள். கரும்பலகையைப் பத்து நிமிடம் பார்த்தால் தலையிடி. மின்விசிறிச் சத்தம் தாங்கவில்லை. வாசித்த பக்கம் நினைவில் நிற்கவில்லை. தவணைப் பரீட்சையில் புள்ளி இறங்கியது. 'படிக்கப் பஞ்சி, அதுதான் தலையிடி எண்டுறாள்' என்று பாடசாலையில் சொன்னார்கள். வீட்டில் தாய் காலை இரண்டு, மாலை இரண்டு என்று பனடோல் கொடுத்தார். என்னிடம் வரும்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட முதற் கேள்வி, 'டொக்டர், நான் நடிக்கிறேனா?' என்பதுதான். எல்லாரும் சொல்லிச் சொல்லி அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அவளுக்கு நாங்கள் செய்த சிகிச்சையை ஒவ்வொன்றாகச் சொன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும்.

முதலாவதாகப் பனடோலை நிறுத்தினோம். இது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். வலி மாத்திரையே தலையிடியைத் தரும் நிலை ஒன்று உண்டு. பரசிட்டமோல், அஸ்பிரின் போன்ற சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல், 3 மாதங்களுக்கு அதிகமாகப் பாவித்து வந்தால் இந்நிலை ஏற்படலாம். கோடீன் கலந்த மாத்திரைகளுக்கும் ஒற்றைத் தலையிடிக்கென்றே உள்ள டிரிப்ரான் மாத்திரைகளுக்கும் 10 நாட்களே எல்லை. மூளை மாத்திரைக்குப் பழகி, அது இறங்கும்போதெல்லாம் வலியால் கூப்பிடுகிறது. நிறுத்திய முதற்கிழமை தலையிடி கூடும், பிறகு இறங்கும். சாதாரண பரசிட்டமோலை முதல் நாட்களில் பாவிப்பதில் தவறில்லை. அதன் பின் வாரத்துக்கு இரண்டு நாட்களுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடீன் அடங்கியவற்றை நீங்களாகவே திடீரென்று நிறுத்தாமல் வைத்தியருடன் பேசி நிறுத்துங்கள். நெற்றியில் சித்தாலேப பூசுவதற்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. கண்ணில் படாமல் பூசிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு சிறு கொப்பி. எந்த நாள் தலையிடி வந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு கடுமை, என்ன மாத்திரை எடுத்தாள், முதல்நாள் எத்தனை மணி நேரம் நித்திரை, மாதவிடாய் நாட்கள் என்று எழுதச் சொன்னோம். ஒரு மாதக் கொப்பி வைத்தியருக்குத் தரும் தகவலை ஒரு ஸ்கான் தருவதில்லை.

மூன்றாவது, நித்திரையும் உணவும். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்புவது, காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதது, தண்ணீர் போதியளவு குடிப்பது, தேநீரையும் கோப்பியையும் மாலைக்குப் பின் தவிர்ப்பது. இரவிரவாக விழித்துப் படித்தால்தான் படிப்பு என்ற எண்ணத்தை எங்கள் வீடுகளிலிருந்து முதலில் அகற்ற வேண்டும்.

நான்காவது, அளவான நடமாட்டம். முன்னர் இருட்டறையில் வாரக்கணக்காகப் படுக்க வைத்தார்கள். இப்போது அந்த முறை கைவிடப்பட்டுவிட்டது. 2022 இல் அம்ஸ்ரர்டாமில் கூடிய விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்களின் மாநாட்டு அறிக்கை, முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை ஓரளவு ஓய்வு, அந்த நேரத்தில் கைப்பேசித் திரையைக் குறைத்தல், அதன்பின் அறிகுறிகள் அதிகம் கூடாத அளவுக்கு மெல்லிய நடை என்று கூறுகிறது. எங்கள் மாணவிக்கு மாலையில் 15 நிமிட நடையில் தொடங்கினோம். படிப்பையும் அப்படியே. இருபது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் கண்ணை மூடி ஓய்வு. வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டினோம்.

ஐந்தாவது, கழுத்து. இயன்மருத்துவர் பரிசோதித்தபோது கழுத்தின் மேற்பகுதி இறுகிப்போய் இருந்தது. அதற்கான பயிற்சிகள் கொடுக்கப்பட்டன. தலையில் அடிபட்ட எவருக்கும் கழுத்தும் குலுங்கியிருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆறாவதாகத்தான் மருந்து. காயத்தின் பின்னான தலையிடிக்கென்றே தனியாக நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. அந்தத் தலையிடி எந்த வகைத் தலையிடியை ஒத்திருக்கிறதோ, அதற்குரிய மருந்தையே கொடுக்கிறோம். குறைந்த அளவில் இரவில் எடுக்கும் அமிட்ரிப்டிலின், சிலருக்குப் புரோப்பிரனலோல், சிலருக்கு ரொப்பிரமேற். இவை வலி வந்தபின் போடும் மாத்திரைகள் அல்ல. வராமல் தடுப்பதற்குத் தினமும் எடுப்பவை. பலன் தெரிய வாரங்கள் ஆகும். நான்கு நாள் எடுத்துவிட்டுச் சரிவரவில்லை என்று நிறுத்திவிடுவோர் பலர். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து என்று அறிந்ததும், 'எனக்கென்ன விசரோ' என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒரு மருந்து பல வேலைகள் செய்யும். புரோப்பிரனலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ரொப்பிரமேற், வல்புரோயேற் ஆகியவை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. ஆகவே இளம் பெண்கள் திருமணம், கர்ப்பம் பற்றிய திட்டங்களை வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு எழுதிய மருந்தை வாங்கிப் போடாதீர்கள்.

அந்த மாணவிக்குத் தலையிடி முற்றாக மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தினமும் வந்தது, நான்கைந்து மாதங்களில் மாதம் மூன்று நான்கு நாட்களாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு பரீட்சை எழுதினாள். பலனின் பெரும் பங்கு எதனால் வந்தது என்று என்னைக் கேட்டால், முதல் நாள் தாயின் முன்னால் வைத்து 'நீ நடிக்கவில்லை' என்று கூறியதனால் என்பேன்.

இனி, நாம் மெல்லிய குரலிலேயே பேசும் இரண்டு விடயங்கள்.

யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். குண்டு வெடிக்கும்போது எழும் அமுக்க அலையே மூளைக்குக் காயம் விளைவிக்கும்; வெளியில் ஒரு கீறலும் இல்லாதிருக்கலாம். அன்று காது அடைத்து, தலை சுற்றி, பிறகு தலையிடி தொடங்கியவர்களை யாரும் அப்போது பரிசோதிக்க முடியவில்லை. உயிர் தப்பியதே பெரிது என்ற காலம் அது. அத்தகையவர்கள் இப்போது சிகிச்சைக்கு வந்தாலும் தாமதமாகிவிட்டது என்று பொருளில்லை. ஒரு முக்கிய எச்சரிக்கை: உடலில் எங்கேனும் உலோகத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அது மிக வலிமையான காந்தம். துண்டு அசையலாம், சூடேறலாம். கண்ணிலோ மூளையிலோ இருந்தால் பேராபத்து. இருக்கிறதா என்று நிச்சயமில்லாவிட்டால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வெளிநாடுகளிலுள்ள சகோதரிகளே, உங்கள் நகரத்து வைத்தியருக்கு எங்கள் கதை தெரியாது. பெற்றோரை ஸ்கானுக்கு அழைத்துச் செல்லும்போது இதனை நீங்கள்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்றது, வீட்டுக்குள் விழும் அடி. தலையைச் சுவரில் மோதுவது, கன்னத்தில் அறைவது, தோளைப் பிடித்து உலுக்குவது ஆகிய எல்லாமே மூளையைக் குலுக்குகின்றன. திரும்பத் திரும்ப விழும் அடி, முந்தியது ஆறுவதற்கு முன் அடுத்ததைச் சேர்க்கிறது. 'படியில் தடக்கி விழுந்தேன்' என்று கூறும் பெண்ணிடம் வைத்தியர் தனியாகப் பேச விரும்பினால், கூட வந்தவர்கள் சற்று வெளியே செல்லுங்கள். 2005 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1938 என்பது பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம். இதைப் பாடசாலை விழாவில் சொல்ல வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். எங்கள் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே சொல்லாமல் எங்கே சொல்வது?

இறுதியாக, இரண்டாவது நூற்றாண்டுக்குள் காலடி வைக்கும் எமது சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, விளையாட்டுத் திடலுக்கு ஒரு விதி. தலையில் அடிபட்டு, தடுமாற்றமோ தலையிடியோ உள்ள பிள்ளை அன்று மீண்டும் விளையாடக் கூடாது. இறுதிப் போட்டியாக இருந்தாலும், கப்டனாக இருந்தாலும் இதுவே விதி. பின்னர் அன்றாட நடமாட்டம், மெல்லிய ஓட்டம், தனிப் பயிற்சி, மோதலற்ற குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, போட்டி என்று ஆறு படிகள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறிகள் முற்றாகத் தீர்ந்து, வைத்தியர் அனுமதித்த பின்னரே நான்காம் படிக்குச் செல்லலாம். இதனை ஒரு பலகையில் எழுதி விளையாட்டு அறையில் மாட்டுவதற்குப் பெரிய செலவில்லை.

இரண்டு, வகுப்பறையில் ஒரு சலுகை. வைத்தியரின் கடிதத்துடன் வரும் பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு அரைநாள் வருகை, ஜன்னல் வெளிச்சத்திலிருந்து தள்ளிய இருக்கை, குறைந்த வீட்டுவேலை, பிந்திய தவணைப் பரீட்சை. பொதுப் பரீட்சைகளில் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்குச் சலுகை கோரும் நடைமுறை உண்டு. நேரத்துடன் விண்ணப்பிப்பதற்குப் பாடசாலை உதவ வேண்டும்.

மூன்று, தலைக்கவசம். எங்கள் கல்லூரி வாசலில் காலை 7 மணிக்கு ஒரு நாள் நின்று பார்த்தேன். அப்பா கவசம் அணிந்திருக்கிறார். பின்னால் இருக்கும் பிள்ளையின் தலையில் வெள்ளை ரிபன் மட்டும் இருக்கிறது. பிள்ளையின் அளவுக்கேற்ற, நாடி வார் பூட்டப்பட்ட கவசம் வேண்டும். ரொரன்ரோ, லண்டன், சிட்னி, மெல்பேர்ன் கிளைகள் நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால், பின்னிருக்கையில் வரும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒன்று கொடுக்க முடியும். மண்டபத்துக்குப் புதுக் கதிரைகள் அடுத்த வருடம் வாங்கலாம்.

அன்பானவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்களில் ஒருவருக்கு, அடிபட்ட பின் அடிக்கடி தலையிடி என்று சொல்லும் மகளோ மருமகளோ தங்கையோ நினைவுக்கு வரலாம். அவரிடம் எப்போது தொடங்கியது, மாதத்தில் எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி, அவருடன் நீங்களும் வைத்தியரிடம் செல்லுங்கள்.